பழைய சுவர், புதிய வாடகை: நியூயார்க்கின் போருக்கு முந்தைய அடுக்குமாடி வீடுகளும் ‘புதுப்பித்தல்’ என்னும் சட்டக் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

நியூயார்க் நகரில் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட அடுக்குமாடிக் கட்டிடங்களில் உள்ள வீடுகள் பல, புதுப்பிக்கப்பட்ட நிலையில் இன்று வாடகைக்கு விடப்படுகின்றன. இவ்வீடுகளின் வாடகை வரலாற்றைக் கட்டிடக் கலையின் வரலாறாகவோ சந்தை விலையின் வரலாறாகவோ மட்டும் காண்பது போதாது. கட்டிடத்தின் பழமை வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பை வழங்கியது. அதே சட்டத்தில் இடம்பெற்ற ‘புதுப்பித்தல்’ என்னும் விதிவிலக்கு, அப்பாதுகாப்பு நீங்குவதற்கான வழியாகவும் அமைந்தது. 1867 முதல் 2025 வரையிலான சட்டங்களையும், வடக்கு மன்ஹாட்டனில் உள்ள வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியின் குடியிருப்பு வரலாற்றையும் கொண்டு இக்கட்டுரை இக்கருத்தை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: நியூயார்க், அடுக்குமாடிக் குடியிருப்பு, வாடகைக் கட்டுப்பாடு, வாடகை நிலைப்படுத்தல், புதுப்பித்தல், வாஷிங்டன் ஹைட்ஸ்.

முன்னுரை

நியூயார்க் நகரின் வாடகை விளம்பரங்களில் ‘போருக்கு முந்தையது’, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்னும் இரு தொடர்கள் அடிக்கடி இணைந்து வருவதைக் காணலாம். முதல் தொடர் உயரமான கூரை, தடித்த சுதைச் சுவர், மரப் பாவுதளம் ஆகியவற்றை நினைவூட்டுகிறது. இரண்டாவது தொடர் புதிய சமையலறை, புதிய குளியலறை, புதிய மின்கம்பி அமைப்பு ஆகியவற்றை உறுதியளிக்கிறது. வீடு தேடுவோர் இவற்றை அழகும் வசதியும் பற்றிய வருணனையாகவே படிக்கின்றனர். ஆனால் இவ்விரு தொடர்களுக்கும் சட்டப் பொருளும் உண்டு. முதல் தொடர் கட்டிடம் எந்த ஆண்டு வரம்புக்குள் அடங்குகிறது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது தொடர், முன்பு இருந்த வாடகை எவ்வாறு இன்றைய வாடகையாக மாறியது என்னும் வினாவை எழுப்புகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான உறவே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும்.

டெனமென்ட் சட்டங்களும் அடுக்குமாடி வீட்டின் தோற்றமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரில் ஒரே கட்டிடத்தில் பல குடும்பங்கள் வாழ்வது வறுமையின் அடையாளமாகவே கருதப்பட்டது. அத்தகைய கட்டிடங்கள் ‘டெனமென்ட்’ என்று வழங்கின. 1867இல் இயற்றப்பட்ட சட்டம் டெனமென்ட் என்பதற்கு முதன்முறையாகச் சட்ட வரையறை அளித்தது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் காற்றோட்டத்தை வலியுறுத்தியதன் விளைவாக, நடுவில் குறுகிய காற்றுக்குழிகள் கொண்ட கட்டிடங்கள் பெருகின. ஆயினும் அக்குழிகள் வெளிச்சம் தரவில்லை. குப்பை சேரும் இடங்களாகவும் தீ பரவும் வழிகளாகவும் அவை மாறின. இக்குறையைக் களைய வந்த 1901ஆம் ஆண்டுச் சட்டம், அகன்ற முற்றங்களையும், ஒவ்வோர் அறைக்கும் சன்னலையும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. இதற்கு முந்தைய கட்டிடங்கள் ‘பழைய சட்ட’க் கட்டிடங்கள் என்றும், பிந்தையவை ‘புதிய சட்ட’க் கட்டிடங்கள் என்றும் இன்றுவரை அழைக்கப்படுகின்றன.

நடுத்தர வகுப்பினர் அடுக்குமாடி வாழ்வை ஏற்கச் சில காலம் ஆயிற்று. ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் வடிவமைத்து 1870இல் நிறைவுற்ற ஸ்டைவசன்ட் கட்டிடம், பாரிஸ் நகர முறையைப் பின்பற்றி வசதியுள்ளோருக்காக எழுந்த தொடக்ககாலக் கட்டிடமாகக் கருதப்படுகிறது. 1884இல் நிறைவுற்ற டகோட்டா, 1908இல் எழுந்த ஆப்தோர்ப் ஆகியவை அம்முறையை நிலைநிறுத்தின. வரவேற்பறை, உணவறை, சமையலறை, இரு படுக்கையறைகள், பணிப்பெண்ணுக்கான சிற்றறை என்னும் ஆறறை அமைப்பு, போருக்கு முந்தைய வீட்டின் இலக்கண வடிவமாயிற்று. எமரி ராத், ரொசாரியோ கண்டேலா ஆகிய வடிவமைப்பாளர்களின் கட்டிடங்கள் இம்மரபின் உச்சத்தைக் காட்டுவன.

எனினும் போருக்கு முந்தைய கட்டிடங்களுள் பெரும்பான்மையானவை இத்தகைய மாளிகைகள் அல்ல; புதிய சட்டத்தின்படி எழுந்த ஐந்து, ஆறு மாடிச் செங்கல் கட்டிடங்களே ஆகும். அவற்றின் வரலாற்றை அறிய வாஷிங்டன் ஹைட்ஸ் பொருத்தமான சான்றாகும்.

வாஷிங்டன் ஹைட்ஸ்: சுரங்க ரயிலும் கட்டிடப் பெருக்கமும்

நியூயார்க் நகரின் முதல் சுரங்க ரயில் பாதை 1904 அக்டோபர் 27 அன்று திறக்கப்பட்டது. 1906இல் 181ஆம் தெரு நிலையமும் செயற்படத் தொடங்கியது. நகரின் தென்முனையில் வேலை செய்தோர் வடமுனையில் குடியிருக்க இப்பாதை வழிசெய்தது. ரயில் நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிக் கட்டிடங்கள் விரைவாக எழுந்தன.

முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டுமானம் தடைப்பட்டது. வீடுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு வாடகை உயர்ந்தது. 1918க்கும் 1920க்கும் இடையில் வாடகை மறுப்புப் போராட்டங்கள் பரவின. 1920இல் மாநில சட்டமன்றம் அவசர வாடகைச் சட்டங்களை இயற்றியது. வாடகை உயர்வு நியாயமற்றது என்று வாடகைதாரர் நீதிமன்றத்தில் வாதிட அவை இடமளித்தன. 1921இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களைச் செல்லத்தக்கவை என ஏற்றது. அதே காலத்தில், புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு 1932 வரை சொத்துவரி விலக்கும் வழங்கப்பட்டது. இவ்விலக்கு மன்ஹாட்டனின் வடபகுதியிலும் பிராங்ஸிலும் பெரும் கட்டுமான அலையை உருவாக்கியது.

இச்செய்தி கவனத்திற்குரியது. இன்று பழமையின் அழகுக்காகப் போற்றப்படும் கட்டிடங்களுள் பல, ஒரு வாடகை நெருக்கடிக்கு அரசு கண்ட தீர்வின் விளைபொருள்களாகும். பழைய வீடுகளுக்குக் கட்டுப்பாடு, புதிய வீடுகளுக்குச் சலுகை என்னும் இரட்டைக் கொள்கை அப்போதே உருவாகிவிட்டது. பின்வந்த சட்டங்கள் அனைத்திலும் இப்பிரிவு மீண்டும் மீண்டும் தோன்றுகிறது.

1931இல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலமும் 1932இல் எட்டாவது அவென்யூ சுரங்க ரயில் பாதையும் திறக்கப்பட்டன. 1933க்குப் பின் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதர்கள் இப்பகுதியில் பெருமளவில் குடியேறினர். பெரு மந்தக் காலமாதலால் வீடுகள் காலியாக இருந்தன. ஓரிரு மாத வாடகையைத் தள்ளுபடி செய்தும் உரிமையாளர்கள் குடியமர்த்தினர். ‘ஹட்சன் கரையின் பிராங்க்பர்ட்’ என்னும் பெயர் இப்பகுதிக்கு வழங்கியது அவர்களது வருகையால்தான்.

1943: ஆண்டுக்கோடு உருவாதல்

1942இல் இயற்றப்பட்ட அவசர விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், நியூயார்க் நகரின் வாடகைகள் 1943 மார்ச் 1 அன்றிருந்த அளவில் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்த பின்னரும் தட்டுப்பாடு நீங்கவில்லை. 1947இல் கூட்டாட்சி அரசு, அவ்வாண்டு பிப்ரவரி 1க்குப் பின் கட்டப்படும் வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. 1950இல் நியூயார்க் மாநிலம் இப்பொறுப்பை ஏற்றபோதும் இந்த ஆண்டுக்கோடு நீடித்தது.

இவ்வாறு ‘போருக்கு முந்தைய’ என்பது, கட்டிடப் பாணியைக் குறிக்கும் சொல்லாவதோடு, ஏறத்தாழ ஒரு சட்ட வகையாகவும் ஆயிற்று. கோட்டுக்கு முன் எழுந்த கட்டிடத்தில் வாடகை கட்டுப்பட்டது; பின் எழுந்ததில் கட்டுப்படவில்லை. வாஷிங்டன் ஹைட்ஸில் குடியேறிய அகதிக் குடும்பங்கள் பல, முதுமை வரை அதே வீட்டில் வாழ முடிந்தமைக்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணமாகும். 1961இல் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹீயோ கொல்லப்பட்ட பின்னரும், 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் பின்னரும் வந்த டொமினிக்கன் குடும்பங்கள் அதே கட்டிடங்களில் அடுத்த தலைமுறை வாடகைதாரர்களாயினர்.

போருக்குப் பின் எழுந்த கட்டிடங்களிலும் வாடகை வேகமாக உயர்ந்தமையால் 1969இல் ‘வாடகை நிலைப்படுத்தல்’ என்னும் இரண்டாவது முறை தோன்றியது. ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதை ஒன்பது உறுப்பினர் கொண்ட வாடகை வழிகாட்டு வாரியம் முடிவுசெய்யும் முறை இது. 1971இல் மாநில அரசு, காலியாகும் வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. வாடகைகள் மிக உயர்ந்ததால் 1974இல் அம்முடிவு மாற்றப்பட்டது. 1974 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டிடங்கள் நிலைப்படுத்தலின் கீழ் வந்தன. 1943 முறையிலான கடுமையான கட்டுப்பாடு, 1971 ஜூலை 1க்கு முன்பிருந்து தொடர்ந்து குடியிருப்போருக்கும், சட்டம் கூறும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் மட்டும் எஞ்சியது. இன்று போருக்கு முந்தைய கட்டிடத்தில் வாடகைக்கு வருவோர் எதிர்கொள்வது பெரும்பாலும் நிலைப்படுத்தல் முறையையே ஆகும். நகரில் ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகள் இம்முறைக்கு உட்பட்டவை.

இம்முறை நிரந்தரமானதன்று. நகரின் காலி வாடகை வீடுகளின் விகிதம் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே அவசரநிலை நீடிப்பதாகக் கொள்ளப்படும். இதனை அறியக் காலந்தோறும் கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்விகிதம் 1.4 விழுக்காடாக இருந்தது.

புதுப்பித்தல் என்னும் விதிவிலக்கு

வாடகை கட்டுப்பட்டிருக்கும் கட்டிடத்தில் உரிமையாளர் ஏன் முதலீடு செய்ய வேண்டும் என்பது நியாயமான வினாவே. பழைய கட்டிடங்களில் நீராவி வெப்பமூட்டிகளும் இரும்புக் குழாய்களும் தேய்வுறும். குளிரூட்டிக்கும் மின் அடுப்புக்கும் பழைய மின்கம்பிகள் தாங்கா. நகரில் 1960இல் தடைசெய்யப்பட்ட ஈயம் கலந்த வண்ணப்பூச்சு, அதற்கு முந்தைய கட்டிடங்களில் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. சிறுவர் வாழும் வீடுகளில் அதனைக் கண்காணித்துச் சீராக்குவது உரிமையாளரின் கடமை. எனவே பழுதுநீக்கத்திற்கும் மேம்பாட்டுக்கும் சட்டம் ஊக்கம் அளிக்க வேண்டியிருந்தது.

அவ்வூக்கம் நான்கு வடிவங்களில் அமைந்தது. முதலாவது வரிச்சலுகை. மைய வெப்பமும் வெந்நீரும் இல்லாத வீடுகளை மேம்படுத்தும் நோக்குடன் 1955இல் தொடங்கிய ஜே-51 திட்டம் இவ்வகையது. இரண்டாவது, கொதிகலன், மின்தூக்கி, சன்னல் போன்ற கட்டிடம் முழுமைக்குமான பெரும் மேம்பாடுகளின் செலவை எல்லா வாடகைதாரர்மீதும் பகிர்வது. மூன்றாவது, தனி வீட்டில் செய்யும் மேம்பாட்டின் செலவை அவ்வீட்டின் வாடகையில் சேர்ப்பது. நான்காவது, கட்டிடத்தின் அமைப்புகளுள் 75 விழுக்காடேனும் மாற்றப்பட்டு முற்றிலும் புதுப்பிக்கப்பட்டால், அதனை நிலைப்படுத்தலிலிருந்தே விலக்குவது. நான்காவது வடிவம் சட்டக் கற்பனையின் எல்லையைக் காட்டுகிறது. வெளிச்சுவர் 1925ஆம் ஆண்டைச் சேர்ந்ததாயினும், உள்ளுறுப்புகள் மாறியபின் சட்டத்தின் பார்வையில் அது புதிய கட்டிடமாகிவிடுகிறது.

இவற்றுள் வாடகை வரலாற்றை மிகுதியும் மாற்றியது மூன்றாவது வடிவமே. பல பதிற்றாண்டுகளாக, மேம்பாட்டுச் செலவில் 40இல் ஒரு பங்கை மாத வாடகையுடன் நிரந்தரமாகச் சேர்க்க உரிமையாளருக்கு உரிமை இருந்தது. செலவு நாற்பது மாதங்களில் மீண்டுவிடும். உயர்வோ அதன் பின்னரும் தொடரும். குடியிருப்பவர் உள்ள வீட்டில் இதனைச் செய்ய அவரது எழுத்து ஒப்புதல் தேவை. காலி வீட்டில் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. ஆகவே, வாடகைதாரர் வெளியேறும் தருணமே புதுப்பித்தலுக்கு உரிய தருணமாயிற்று.

கணக்கின் வழியே விடுதலை

1990களில் இவ்விதியுடன் வேறு இரண்டு விதிகள் இணைந்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, காலியாகும் வீட்டின் சட்டபூர்வ வாடகை மாதம் 2,000 டாலரை எட்டினால் அவ்வீடு நிலைப்படுத்தலிலிருந்து விலகும் என்னும் முறை வந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைதாரர் மாறும்போது ஈராண்டு ஒப்பந்தத்திற்கு 20 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. மூன்று விதிகளும் சேர்ந்து இயங்கிய முறையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு வீட்டின் சட்டபூர்வ வாடகை 900 டாலர் எனக் கொள்க. நெடுநாள் வாடகைதாரர் வெளியேறுகிறார். 20 விழுக்காடு உயர்வால் வாடகை 1,080 டாலர் ஆகிறது. உரிமையாளர் 40,000 டாலர் செலவில் சமையலறையையும் குளியலறையையும் புதுப்பிக்கிறார். அதில் 40இல் ஒரு பங்காகிய 1,000 டாலர் சேர, வாடகை 2,080 டாலர் ஆகிறது. 2,000 டாலர் வரம்பைத் தாண்டியதால் அவ்வீடு கட்டுப்பாட்டிலிருந்து விலகுகிறது. அடுத்து வருபவரிடம் சந்தை தரும் எந்த வாடகையையும் கேட்கலாம்; ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய கடமையும் இல்லை.

இவ்வாறு ஒரே ஒருமுறை நிகழும் கட்டிட வேலை, அரை நூற்றாண்டுக்கும் மேலான பாதுகாப்பை முடித்துவைக்க முடிந்தது. 1994 முதல் 2019 வரை உயர்வாடகை விதியின்வழி ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் நிலைப்படுத்தலிலிருந்து நீங்கியதாகப் பதிவாகியுள்ளது. 2011இல் வரம்பு 2,500 டாலராகவும், 2015இல் 2,700 டாலராகவும் உயர்த்தப்பட்டது. 35க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டிடங்களில் 40இல் ஒரு பங்கு என்பது 2011இல் 60இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஆயினும் முறையின் அடிப்படை மாறவில்லை.

சான்றின் சிக்கல்

இம்முறையின் பெரும் குறை விகிதத்தில் இல்லை; சான்றில் உள்ளது. காலி வீட்டில் மேம்பாடு செய்ய மாநில அரசின் முன்அனுமதி தேவைப்படவில்லை. செலவுச் சீட்டுகளையும் முன்கூட்டியே அளிக்க வேண்டியிருக்கவில்லை. வாடகைதாரர் முறையிட்டால் மட்டுமே உரிமையாளர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் முறையிடக்கூடியவர் யார்? பழைய சமையலறையை அறிந்தவர் வெளியேறிவிட்டார். புதிதாக வந்தவர் பழைய நிலையைக் கண்டதில்லை. உண்மையில் 40,000 டாலர் செலவாயிற்றா, 15,000 டாலர்தான் செலவாயிற்றா என்று ஒப்பிட்டுக் கூற எவரும் இல்லை. புதுப்பித்தல் சுவர்களை மாற்றியதுடன், வீட்டைப் பற்றிய நினைவையும் துண்டித்தது எனலாம்.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது ஆவணமே. 1984 முதல் நிலைப்படுத்தப்பட்ட வீடுகளின் வாடகை மாநில அலுவலகத்தில் ஆண்டுதோறும் பதிவாகிறது. குடியிருப்பவர் தம் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டுப் பெறலாம். ஓராண்டில் 900 டாலராக இருந்த வாடகை அடுத்த ஆண்டில் இருமடங்காகியிருப்பின், அப்பதிவே வினாவைத் தொடங்கிவைக்கும். 2009இல் ராபர்ட்ஸ் எதிர் டிஷ்மன் ஸ்பையர் வழக்கில், ஜே-51 வரிச்சலுகை பெறும் காலத்தில் வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்க இயலாது என மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு போருக்குப் பிந்தைய ஸ்டைவசன்ட் டவுன் வளாகத்தைப் பற்றியது. எனினும் அச்சலுகை பெற்றுப் புதுப்பிக்கப்பட்ட பழைய கட்டிடங்களுக்கும் அது பொருந்துவதாயிற்று.

காலி வீடே வருவாய்க்கு வாயில் என்னும் நிலை, குடியிருப்போரை வெளியேற்றும் அழுத்தத்தையும் வளர்த்தது. வெப்பத்தை நிறுத்துவதும், அண்டை வீடுகளில் முடிவின்றிக் கட்டிட வேலை நடத்துவதும் நகரெங்கும் எழுந்த முறையீடுகளாகும். 2008இல் நகராட்சி, வாடகைதாரருக்குத் தொந்தரவு தருவதை வீட்டுவசதி விதிமீறலாக அறிவித்தது. 2017இல், வெளியேற்ற வழக்கை எதிர்கொள்ளும் குறைந்த வருவாயினருக்கு இலவச வழக்கறிஞர் உதவி பெறும் உரிமையை வழங்கிய முதல் அமெரிக்க நகரமாக நியூயார்க் ஆனது.

2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னும்

2019 ஜூனில் இயற்றப்பட்ட வீட்டுவசதி நிலைத்தன்மை மற்றும் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இக்கணக்கைக் கலைத்தது. உயர்வாடகை விலக்கும் 20 விழுக்காடு உயர்வும் நீக்கப்பட்டன. தனி வீட்டு மேம்பாட்டில் கணக்கில் கொள்ளத்தக்க செலவு 15 ஆண்டுகளுக்கு 15,000 டாலர் என வரையறுக்கப்பட்டது. சேர்க்கத்தக்க பங்கு, 35 வீடுகள் வரையுள்ள கட்டிடத்தில் 168இல் ஒன்றாகவும், அதற்கு மேற்பட்டதில் 180இல் ஒன்றாகவும் குறைந்தது. முன்பு 40,000 டாலர் செலவால் 1,000 டாலர் உயர்ந்த மாத வாடகை, அப்போதைய உச்சவரம்புச் செலவிலும் ஏறத்தாழ 83 முதல் 89 டாலர் வரையே உயர முடிந்தது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மிகாது எனவும் அச்சட்டம் விதித்தது.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் ஒருவரே வாழ்ந்த வீட்டில் ஈயப் பூச்சை அகற்றி, மின்கம்பியும் குழாயும் மாற்ற 15,000 டாலர் போதாது என்றும், ஆகவே சில வீடுகள் பூட்டியே கிடக்கின்றன என்றும் உரிமையாளர் தரப்பு வாதிட்டது. கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்காகவே வீடுகள் காலியாக வைக்கப்படுகின்றன என்று வாடகைதாரர் தரப்பு மறுத்தது. 2024இல் சட்டமன்றம் செலவு வரம்பை 30,000 டாலராகவும், நெடுங்காலக் குடியிருப்புக்குப் பின் காலியான வீடுகள் போன்ற சில நேர்வுகளில் 50,000 டாலராகவும் உயர்த்தியது. பழுதுநீக்கத்திற்கு எவ்வளவு, இலாபத்திற்கு எவ்வளவு என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதையே இத்திருத்தம் காட்டுகிறது.

இன்றைய வாடகைதாரர்

இவ்வரலாற்றின் சுமை இறுதியில் வீடு தேடுபவர்மீதே விழுகிறது. மாத வாடகையின் 40 மடங்கு ஆண்டு வருமானமாக இருக்க வேண்டும் என்பது உரிமையாளர்களிடையே பரவலான வழக்கம். ஆண்டு வாடகையில் 12 முதல் 15 விழுக்காடு வரையிலான தரகுக் கட்டணத்தை, தரகரை அமர்த்தாத வாடகைதாரரே செலுத்தும் நிலையும் நெடுநாள் நிலவியது. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த நகரச் சட்டம், அமர்த்தியவரே செலுத்த வேண்டும் என மாற்றியது. வீட்டைப் பார்வையிடக் கிடைக்கும் சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரிவன புதிய அலமாரியும் பளபளக்கும் தரையும் மட்டுமே. கட்டிடத்தில் எத்தனை வீடுகள் உள்ளன, அது எந்த ஆண்டு எழுந்தது, முந்தைய வாடகை என்ன, வீடு நிலைப்படுத்தப்பட்டதா என்பன கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் அவ்வீட்டில் வாழ முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை அவையே.

முடிவுரை

நியூயார்க்கின் போருக்கு முந்தைய அடுக்குமாடி வீடு, மூன்று நெருக்கடிகளின் படிவுகளைத் தன்னுள் கொண்டுள்ளது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் அதன் சன்னல்களையும் முற்றத்தையும் அளித்தது. 1920களின் வரிவிலக்கு அதன் எண்ணிக்கையைப் பெருக்கியது. 1943ஆம் ஆண்டின் கட்டுப்பாடு அதில் வாழ்வோருக்கு நிலைபேற்றை வழங்கியது. 1990களில் வலுப்பெற்ற புதுப்பித்தல் விதிகள் அந்நிலைபேற்றைக் கணக்கின்வழிக் கரைத்தன. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அக்கரைப்பைத் தடுத்தது.

புதுப்பித்தல் தேவையற்றது என இதனால் முடிவுசெய்ய இயலாது. பழைய கட்டிடம் பழுதுபார்க்கப்படாவிடின், அதில் வாழ்வோரே முதலில் துன்புறுவர். ஆயினும் யாருக்காகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சட்டத்தின் கட்டமைப்பே முடிவுசெய்திருக்கிறது. குடியிருப்பவர் வெளியேறினால் மட்டுமே புதுப்பித்தல் ஆதாயம் தரும் என்று சட்டம் அமைந்தபோது, பழுதான சமையலறையில் பல்லாண்டு சமைத்தவர் புதிய சமையலறையைக் காணவே இல்லை. குடியிருப்பவர் இருக்கும்போதே வீடு சீராவதற்கான வழியை எச்சட்டம் காண்கிறதோ, அதுவே இந்நீண்ட வரலாற்றின் அடுத்த கட்டமாக அமையும்.